மூன்று டன் பாறையும் டன் அண்ணனும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருடமாகத் தயங்கினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்பதால் அல்ல. டன் அண்ணன் படித்துவிட்டு, "அடிக் கணக்குத் தப்புங்க" என்று அளக்கிற டேப்போடு வந்து நிற்பாரே என்ற பயம்தான். எங்கள் மலைச்சாமி சேர்வராயன் துணை. எழுதிவிடுகிறேன்.

எங்கள் மலையூர் தலைச்சோலைப் பக்கத்து டன் அண்ணனைப்போல் எடை பார்க்கும் மனிதரைக் கடவுள் இன்னொருவர் படைக்கவில்லை. கவிழ்ந்த லாரிகளைச் சங்கிலி கட்டித் தூக்குவது அவர் தொழில். என் பேத்தி பிறந்தபோது கையில் வாங்கிப் பார்த்து, "டன்னுல முந்நூத்துல ஒரு பங்குங்க, நல்ல கனம்" என்றார்.

அந்த வருடம் மழையில் என் வீட்டுக்கு மேலே மண் கரைந்து, எருமை படுத்தாற்போல் ஒரு பாறை சமையலறையை எட்டிப் பார்த்தது. அடுத்த மழைக்குள் எடுக்காவிட்டால் வீடு இல்லை. சேலத்து கிரேன்காரர்கள் எங்கள் பாதையைப் பார்த்ததுமே கும்பிடு போட்டுப் போய்விட்டார்கள்.

"நானே ஒண்ணு வாங்கறனுங்க. எப்படியும் தொழிலுக்கு வேணும்" என்றார் டன் அண்ணன். கோயிலுக்கு ஓடித் தேங்காய் உடைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

அவர் கிரேன் பார்த்தது பெண் பார்த்த மாதிரி. பத்து டன், பதினைந்து டன், இருபத்தைந்து டன் என்று சேலத்தில் மூன்று. ஒவ்வொன்றையும் மும்முறை பார்த்தோம், வெற்றிலை பாக்கோடு. எத்தனை தூரத்தில் எவ்வளவு தூக்கும் என்ற அட்டவணைக்கு அவர் வைத்த பெயர் ஜாதகம்.

"பாறை மூணு டன்தானுங்களே, பத்து டன் போதாதுங்களா?" என்றேன். விற்பனைக்காரரும் தலையாட்டினார். டன் அண்ணன் தன் சோற்றுத் தூக்கை அவர் கையில் கொடுத்தார்.

"நெஞ்சோட புடி கண்ணு. கனக்குதா?"

"இல்லீங்க."

"இப்பக் கையை நீட்டிப் புடி."

கொஞ்ச நேரத்தில் கை நடுங்கி, ரசம் சட்டையில் ஊற்றியது.

"உன்ற பத்து டன்னும் இப்படித்தான். பாறைக்கு எட்ட இருவது அடி கையை நீட்டுனா ரெண்டு டன்னுக்கே ரசம் ஊத்தும்."

"அப்பப் பெருசையே வாங்குங்க!" என்றேன்.

மறுநாள் என் வீட்டுக்குத் திரும்பும் வளைவில், பெரிய கிரேனைச் சுண்ணாம்புத் தூளால் முழு அளவில் வரைந்தார். கோடு தடுப்புச் சுவரைத் தாண்டி அந்தரத்தில் போக வேண்டியிருந்தது.

"உங்க ஊட்டுக்குத் திரும்பறப்ப இதுல பாதி அடிவாரத்துல நிக்குமுங்க" என்றார். அழித்துவிட்டு, பதினைந்து டன்னை வரைந்தார். அம்சமாக உட்கார்ந்தது. இருபது அடியில் மூன்று டன் தாங்கும் என்று ஜாதகமும் சொன்னது.

அப்போது காப்பி பறிக்கப் போகும் பெண்களின் டெம்போ வந்து நின்றது. சுண்ணாம்புக் கோடுகளைச் சாமிக்குப் போட்ட கோலம் என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். ஓர் அம்மா கற்பூரமே ஏற்றிவிட்டார்.

"ஏனுங்க, கும்புடாதீங்க! அது கிரேனுங்க!" என்று டன் அண்ணன் கத்தினார்.

"கிரேன் சாமிங்களா? நொம்பப் புதுசா இருக்குதே" என்று அந்த அம்மா இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

நானும் செருப்பைக் கழற்றினேன். பாறைக்குக் கீழே குடியிருப்பவன் எந்தச் சாமியையும் விட மாட்டான்.

பதினைந்து டன் வந்தது. வளைவில் திரும்பி, கையை நீட்டி, பாறையைத் தூளிப் பிள்ளைபோல் தூக்கி ரோட்டில் இறக்கியது. "சேர்வராயனே வந்துட்டாரு!" என்று அழுதேன்.

"வந்தாருங்க. பதினஞ்சு டன்னுல வந்தாரு" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அடுத்த மழையில் எங்கள் சமையலறையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

இதை யாரிடம் சொன்னாலும் உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள். சுவைக்காக இருபத்தைந்து டன் என்று ஏற்றிவிடாதீர்கள். பெரியதை வாங்கத் தெம்பிருந்தும், என் வீட்டுப் பாதையில் திரும்பக்கூடியதைத்தான் அந்த மனிதர் வாங்கினார்.