நுரைத்தால் சுண்ணாம்புக்கல்

கல்லைக் கும்பிடுகிறவர்கள் உண்டு, கல் தடுக்கி விழுகிறவர்கள் உண்டு; கல்லைக் கடித்துப் பார்க்கிறவர் இந்தப் பூலோகத்திலேயே எங்கள் தூத்துக்குடி நுரை அண்ணாச்சி ஒருவர்தான்.

துறைமுகத்தில் கப்பலில் வந்து இறங்கும் சுண்ணாம்புக்கல்லையும் ஜிப்சத்தையும் சோதிப்பது அவர் வேலை. அங்கே லாரிக்குத் தார்ப்பாய் கட்டுவது என் வேலை. அவர் சட்டைப் பையில் கண்ணுக்கு மருந்து விடும் குப்பி ஒன்று இருக்கும். உள்ளே தண்ணீர் கலந்த ஆசிட். கல்லில் ஒரு சொட்டு விடுவார். நுரைத்தால் சுண்ணாம்புக்கல். நுரைக்காமல், நகத்தால் கீறினதும் தூள் உதிர்ந்தால் ஜிப்சம். இரண்டும் இல்லையென்றால் கல் வாய்க்குள் போய்விடும். பல்லில் நறநறத்தால் மணல்கல், வழுவழுத்தால் களிமண் இறுகிய கல். கண்வலிக்காரன் எவனாவது அந்தக் குப்பியைக் கேட்டுவிடுவானோ என்று பயந்தே நான் பாதியாக இளைத்துப்போனேன்.

ஆத்தூரில் ஒரு கல்யாணப் பந்தி. சோற்றில் கல். எல்லோரும் துப்பினோம். அவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் உருட்டினார்.

"மணல்கல்லுதாம்லே. ஆத்துல உருண்டு வந்திருக்கு, முனையே இல்ல."

பெண்ணின் அப்பா ஓடி வந்து கையைக் கூப்பினார். "அண்ணாச்சி, மன்னிச்சிருங்க."

"மன்னிக்கவா? இன்னொரு கரண்டி போடுங்க. வேற கெடைக்குதான்னு பாப்போம்."

மாதா கோயில் படியிலும் சொட்டு விட்டிருக்கிறார். கோயிலைப் பெருக்கி மணியடிக்கும் கோயில்பிள்ளை விளக்குமாற்றோடு துரத்த, ஓடிக்கொண்டே, "நுரைச்சிட்டு! நுரைச்சிட்டு!" என்று கத்தினாராம்.

இவரைத்தான் நான் போய்க் கூப்பிட்டேன். தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் வாங்கிய மனையில் அஸ்திவாரம் தோண்டினால் வெள்ளையாக ஒரு பாறை. ஆயுசுக்கும் கட்டப்போவது ஒரே வீடு. அதன் அடியில் கிடப்பது தாங்குமா, தாங்காதா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணாச்சி குழிக்குள் குப்புறப் படுத்துச் சொட்டு விட்டார். சோடா மாதிரிப் பொங்கியது.

"அண்ணாச்சி, ஒரு சொட்டுக்கே இப்படிக் கரையுதே! மழ பெஞ்சா வீடு என்னாகும்?"

"ஏலே, வானத்துலேருந்து ஆசிடா கொட்டுது? இது சுண்ணாம்புக்கல்லு. சிப்பி ஒட்டிக் கிடக்கு பாரு. இங்கன ஒரு காலத்துல கடல் இருந்திருக்கு."

"கடலா! திரும்பி வந்துருமா?"

"வந்தா வாசல்லயே மீன் பிடி. கெட்டிக் கல்லுலே, தைரியமாக் கட்டு."

கட்டிவிட்டேன். குடிபோன பிறகு முதல் மழை, நல்ல அடைமழை. கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில், தொப்பலாக நனைந்து, அண்ணாச்சி.

"என்ன அண்ணாச்சி, இந்த மழையில?"

"சும்மாதாம்லே. அந்தக் கல்லு எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

மழை விடும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசிவிட்டுப் போனார். தரைப் பக்கம் ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை.