பிரேக்குக்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம்

இந்தக் காலத்தில் எவனிடமும் ஒரு குறையை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. கால் வலிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். செருப்பை மாற்று என்பான் ஒருத்தன், காலையே மாற்று என்பான் இன்னொருத்தன். குனிந்து காலைப் பார்க்கிறவன் ஒருத்தன் இருக்க மாட்டான். எல்லாம் போனைப் பார்த்துப் பதில் சொல்லுகிற கூட்டம்.

மாரப்பனுக்குக் கால் வலி இல்லை. சைக்கிள் நிற்கவில்லை. அதை ஏரியூரில் ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னார். அந்த ஆள் சைக்கிள் கடை இன்னாசி.

"பிரேக்கு கொஞ்சங்கூடவா புடிக்கல?"

"புடிச்சா நான் ஏன் இங்க வர்றேன்? உன் மூஞ்சியப் பாக்கவா?"

இன்னாசி சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டார். அது லேசுப்பட்ட சைக்கிள் இல்லை. தடித்த டயர், கியர், மலை ஏறுகிற ஜாதி. மகன் சென்றாயன் ஓசூர்க் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசையாக வாங்கியது. பிறகு பைக் வாங்கினான். சைக்கிளை அப்பனுக்குக் கொடுத்துவிட்டான். பின்னால் கேரியர் வைத்து, பால் கேனைக் கட்டி, கரட்டு மேலிருக்கும் வீட்டிலிருந்து கீழே பால் சொசைட்டிக்குத் தினமும் காலையில் இறங்குவார் மாரப்பன்.

"வண்டிய மட்டும் கண்ணாடி மாரி வெச்சிருக்கீங்கண்ணா."

"அது எங்க வூட்டுக்காரி வேலை. மவன் குடுத்த வண்டின்னு சோத்துச் சட்டிய வுட இதத்தான் தொடைக்கிறா. அத வுடு. இதுல ஒரு கூத்து இருக்குது. மத்த நாள்ல பரவால்ல. வெள்ளிக்கெழமையானா வழுக்குது."

"வெள்ளிக்கெழமைல பனி அதிகமா பேஞ்சிருக்கும்."

"பனிக்கு கெழமை தெரியுமாடா?"

இன்னாசி ஸ்பேனரை எடுத்தார். பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது என்றார். சக்கர வளையத்தைக் கவ்விப் பிடிக்கிற அந்த ரப்பர்க் கட்டைகள் நான்கையும் கழற்றிப் போட்டுப் புதிது மாட்டினார்.

மாரப்பன் இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் உண்டு. முந்தின நாள் மகன் போனில் பேசியிருந்தான்.

"அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம வர்றேன்பா. என் கண்ணு முன்னால பிரேக்கு நிக்கணும். நிக்கலன்னா வண்டிய ஓசூருக்கு எடுத்துக்கிட்டுப் போயிருவேன். நீங்க சென்னப்பன் பெரியப்பா மொபெட்டுல பின்னாடி உக்காந்து போயி பால் ஊத்திக்கங்க."

சென்னப்பன் பங்காளி. அதுவே போதும். அதற்கு மேல் அவன் ஒரு காரியம் செய்தால் ஊரைக் கூட்டிச் சொல்லுகிற ஆள். அவன் முதுகுக்குப் பின்னால் பால் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தினமும் சொசைட்டிக்குப் போவதைவிட, மாட்டையே விற்றுவிடலாம் என்று மாரப்பனுக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை சைக்கிள் சொன்ன இடத்தில் நின்றது.

வெள்ளிக்கிழமை காலையில் சரிவில் இறங்கினார். பால் சொசைட்டி வந்தது. பிரேக்கை அழுத்தினார். பால் சொசைட்டி போனது.

வரிசையில் நின்ற பெண்கள் கேனைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். சைக்கிள் புளியமரத்தில் நின்றது. மாரப்பன் அதற்கும் கொஞ்சம் தள்ளி நின்றார், நின்றார் என்றால் படுத்திருந்தார். பால் முழுவதும் நாய்களுக்குப் போயிற்று.

மொபெட்டில் காலை அகட்டி உட்கார்ந்திருந்த சென்னப்பன் எட்டிப் பார்த்தான்.

"ஏம்பா மாரப்பா, பாலை உள்ள கொண்டாந்து ஊத்தணும்ப்பா. ரோட்டுல இல்ல."

முட்டி வீங்கி, நொண்டிக்கொண்டு வீடு வந்தார். அவர் மனைவி காசியம்மாள் வாசலிலேயே பார்த்துவிட்டாள். நேராக முனியப்பன் கோயிலுக்குப் போனாள். கோயில் விளக்கிலிருந்து ஒரு பாட்டில் எண்ணெய் வாங்கிக்கொண்டு வந்து முட்டியில் தடவினாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"போதும் வுடு. ஒரு சிராய்ப்பு."

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு வந்திருக்கேன்."

இன்னாசியிடம் போய்க் கத்தியதற்கு, "புதுக் கட்டை, பழக நாளாவும்ணா" என்றார்.

"புது மருமவளா இது, வூட்டுக்குப் பழகறதுக்கு?"

மறுநாள் வெள்ளிக்கிழமை இல்லை. அப்போதும் வழுக்கியது. காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. தர்மபுரியிலிருந்து நாகமரைக்குக் காவிரித் தண்ணீர் பார்க்கப் போகிற சைக்கிள்காரர்கள். உடம்பைப் பிடிக்கிற சட்டை, தலையில் காளான் மாதிரித் தொப்பி. மாரப்பனின் சைக்கிளைப் பார்த்ததும் ஈ மொய்த்த மாதிரி மொய்த்தார்கள். பிரேக் வழுக்குகிறது என்று மாரப்பன் வாயை விட்டுவிட்டார்.

"ஐயா, இன்னும் வளையத்தப் புடிக்கற ரிம் பிரேக்கா ஓட்டறீங்க?" என்றான் அருள்குமார் என்கிற ஒருத்தன். "தூக்கிப் போட்டுட்டு டிஸ்க் பிரேக் மாத்துங்க. எறக்கத்துல ரிம் பிரேக்க நம்பி எறங்கறது தற்கொலைங்க."

"டேய், வாய மூடு," என்றான் ஃபைஸ் என்கிற இன்னொருத்தன். "உன் டிஸ்க் பிரேக்கு காட்டுல கெட்டுப்போனா எவன்டா பாப்பான்? ரிம் பிரேக்குன்னா கட்டை, கம்பி, அவ்ளோதான். கண்ணுக்குத் தெரியற சாமான்."

"மழை வந்தா?"

"மழை வந்தா நீ வூட்ட வுட்டு என்னைக்குடா வெளிய வந்த?"

டீ ஆறிப் போயிற்று. இருவரும் விடவில்லை. அருள்குமார் சைக்கிளைப் படம் பிடித்து அவர்களுடைய வாட்ஸ்ஆப் குழுவில் போட்டான். பதில்கள் கொட்டின. கம்பியை மாற்று என்றது ஒன்று. சக்கரத்தை மாற்று என்றது ஒன்று. எடையைக் குறை என்றது ஒன்று. அது சைக்கிளைச் சொன்னதா மாரப்பனைச் சொன்னதா என்று தெரியவில்லை.

"பெங்களூருல இருந்து ஒருத்தர் வண்டிய வித்துடச் சொல்றாருங்க ஐயா."

"அவரு யாரு?"

"தெரியாதுங்க. குரூப்ல இருக்காரு."

"அவருக்கு என்னையும் தெரியாது, என் சைக்கிளையும் தெரியாது. விக்க மட்டும் தெரியுதா?"

கடைசியில் ஃபைஸ்தான் சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் உட்கார்ந்தான். கட்டைகளை உப்புத்தாளில் தேய்த்தான். வளையத்தைத் துணியால் துடைத்தான். துணி கருப்பாக வந்தது. கம்பியை இழுத்து முறுக்கினான். மாரப்பன் ஏறி ஒரு சுற்று விட்டு அழுத்தினார். சைக்கிள் நின்ற வேகத்தில் அவர் ஹேண்டில் பாரின் மேல் ஏறிவிட்டார்.

"எப்பிடிங்க ஐயா?"

"சுமாரா இருக்குது," என்றார். அதற்கு மேல் அவர் எதையும் பாராட்டியதில்லை.

மறுநாள் காலையில் சைக்கிள் சொசைட்டியைத் தாண்டி, புளியமரத்தையும் தாண்டி, பள்ளிக்கூடத்துச் சுவர் வரைக்கும் போனது.

மாரப்பன் சுவரில் சாய்ந்தபடியே யோசித்தார். நேற்று நின்றது இன்றைக்கு நிற்கவில்லை என்றால் நடுவில் எவனோ கை வைத்திருக்கிறான். இந்த ஊரில் அவர் வழுக்கி விழுந்தால் யாருக்கு லாபம்? யார் மொபெட்டின் பின் சீட் காலியாக இருக்கிறது?

அன்றைக்கே சைக்கிளை வீட்டுக்குள் கொண்டுவந்து, கட்டில் காலில் சங்கிலி போட்டுப் பூட்டினார்.

"வூட்டுக்குள்ளயா?" என்றாள் காசியம்மாள்.

"ஆமா. இனிமே எந்தச் சென்னப்பன் கைய வெக்கறான்னு பாத்துடறேன்."

"அதுவும் நல்லதாப் போச்சு. எனக்கும் கண்ணு முன்னால இருக்கும்."

வீட்டுக்குள் வந்தபிறகு சைக்கிள் இன்னும் மோசமாயிற்று. பிரேக்கை அழுத்துவதும் ஒன்றுதான், அழுத்தாததும் ஒன்றுதான். அந்த வாரம் முழுக்கச் செருப்பால்தான் பிரேக் பிடித்தார். சனிக்கிழமை, சரியாகச் சரிவின் நடுவில், செருப்பு வார் அறுந்தது.

சைக்கிள் பாதையை விட்டு இறங்கியது. வரப்பைத் தாண்டியது. சென்னப்பன் காட்டு எருக்குழியில் போய் மெத்தென்று இறங்கியது. அடி படவில்லை. மற்றபடி சொல்லுகிற மாதிரி இல்லை.

சென்னப்பன்தான் கை கொடுத்து இழுத்தான், மூக்கைத் திருப்பிக்கொண்டு.

"உண்மையச் சொல்லு. என் பிரேக்க நோண்டுனது நீதானே?"

"உன் பிரேக்க நோண்டி வுட்டுட்டு, நீ வந்து வுழறதுக்கு என் குழியிலயா எடம் புடிச்சு வெப்பேன்? நல்ல எருவுய்யா. பாழாப் போச்சு."

அதில் நியாயம் இருந்தது. அதனால் மாரப்பனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நாளைக்கு மவன் வர்றானாமே?" என்றான் சென்னப்பன். "திங்கக்கெழமையிலருந்து நேரத்தோட ரெடியா இரு. நான் லேட்டாப் போற ஆளு இல்ல."

மகனுக்கு இந்த நாற்றம் தெரியக் கூடாது. காசியம்மாள் கோழி வாங்க ஏரியூருக்குப் போயிருந்தாள். மாரப்பன் போர்வெல் தொட்டியருகே சைக்கிளைச் சாய்த்து, சோப்புத்தூளைக் கொட்டி, அடுப்புச் சாம்பலை அள்ளி, தேங்காய் நாரால் தேய்த்தார். சக்கரம், வளையம், கட்டை, சந்து, பொந்து ஒன்றையும் விடவில்லை. நாற்றம் போகிற வரைக்கும் திரும்பத் திரும்பத் தேய்த்தார். பிறகு அவரும் குளித்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே சென்றாயன் வந்து இறங்கிவிட்டான். காசியம்மாள் அம்மியை விட்டு எழவில்லை. மசாலா, கோழி, மகன் என்று அவளுக்குக் கை ஓயவில்லை.

"நான் சொசைட்டிகிட்ட போயி நிக்கறேன்பா. நீங்க எப்பவும் வர்ற மாரி பாலோட எறங்குங்க. நின்னா வண்டி உங்களுது. நிக்கலன்னா என்னோட வருது. அழுவக் கூடாது."

"எவன்டா அழுவறான்?"

கீழே ஒரு திருவிழாவே கூடியிருந்தது. சர்ச்சுக்குப் போகிற வழியில் இன்னாசி நின்றார். டீக்கடையில் அந்த வாரமும் வந்து இறங்கிய ஃபைஸும் அருள்குமாரும் இருந்தார்கள். சென்னப்பன் மொபெட்டின் பின் சீட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். காசியம்மாள் மகன் பின்னாலேயே ஓடிவந்து, மசாலாக் கையைக் கூப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

மாரப்பன் மேலிருந்து பார்த்தார். பின் சீட் வெயிலில் மின்னியது. பெடலை மிதித்தார்.

சைக்கிள் இறங்கியது. வேகம் பிடித்தது. வேட்டி படபடத்தது. சொசைட்டி வாசலில் ஒரு கோழி நடுரோட்டில் எதையோ கொத்திக்கொண்டு நின்றது. "ஓடுடீ!" என்று கத்திக்கொண்டே இரண்டு கையாலும் பிரேக்கை அழுத்தினார்.

சைக்கிள் நின்றது.

கோழிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நாலு விரல் இருந்தது. கோழி ஒரு தரம் சக்கரத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் கொத்த ஆரம்பித்தது. கேனிலிருந்து ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை.

சென்றாயன் இழுத்துப் பிடித்திருந்த மூச்சை விட்டான். "போதும்பா. வண்டி இங்கயே இருக்கட்டும்."

மாரப்பன் கேனை இறக்கிப் பாலை ஊற்றினார். நெஞ்சில் வைத்திருந்த அம்மிக்கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

"நான்தான் சொன்னனே, புதுக் கட்டை பழக நாளாவும்னு," என்றார் இன்னாசி.

"கட்டையில ஒண்ணுமில்லண்ணா. நான் உப்புத்தாள் போட்டது," என்றான் ஃபைஸ்.

"ஒரு நாளு நின்னுட்டா ஆச்சா? டிஸ்க்தான்டா டிஸ்க்," என்றான் அருள்குமார்.

"என் எருக்குழில முக்கி எடுத்தது. அத யாரும் சொல்றீங்களா?" என்றான் சென்னப்பன், துணியை உதறி மடித்தபடி.

மாரப்பன் காலிக் கேனைக் கேரியரில் கட்டினார்.

"இன்னைக்கு நின்னுச்சு. நாளைக்கு நிக்கும்னு உங்கள்ல எவன் எழுதிக் குடுப்பீங்க?" என்றார். இன்னாசி சர்ச்சுப் பக்கம் திரும்பிக்கொண்டார், ஃபைஸ் தொப்பியைச் சரிசெய்தான். "அதானே." ஏறி உட்காராமல், ஒருத்தரையும் நம்பாமல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேட்டில் நடக்க ஆரம்பித்தார்.

அவர் காதுக்கு எட்டாத தூரம் போனதும் காசியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னாசியிடம் சொன்னாள்:

"ஆளாளுக்கு பேசிக்கறீங்களே, வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம எண்ணெ போட்டு அந்த ரெண்டு சக்கர வளையத்தையும் பளபளன்னு தொடைச்சவ நானு, அவரு வுழுந்ததுலருந்து தெனமும் முனியப்பன் வெளக்கு எண்ணெய சொட்டச் சொட்டத் தடவுனவளும் நானு, இன்னைக்கு மவன் வந்த அவசரத்துல தடவாம வுட்டதுக்கே இப்பிடி நிக்குதுன்னா, நாளைக்கு தடவி அனுப்புனா எப்பிடி நிக்கும் பாருங்க!"