முன்னூத்தி நாப்பது கிலோ பலாப்பழம்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. எனக்கு இருந்தது ஒரே வேலை. காரை, லாரிங்களுக்கு எடை போடற எடை மேடைக்கு ஓட்டிக்கிட்டுப் போய், எடை போட்டு, சீட்டு வாங்கிட்டு வரணும். அரை மணி நேரத்து வேலை.

காருக்கு எதுக்குடா எடைன்னு கேப்பீங்க. சொல்றேன்.

என்கிட்ட இருபது வயசான ஒரு குட்டிக் கார் இருக்கு. நாப்பத்தி நாலு வயசுல மத்தவங்கெல்லாம் மனை வாங்கலாமா, மாடி கட்டலாமான்னு யோசிப்பாங்க. நான் அந்தக் காரை ரேஸ் கார் ஆக்கலாம்னு யோசிச்சேன்!

கடலூர் பக்கம் ஒரு மைதானத்துல நம்மள மாதிரி ஆளுங்களுக்குன்னே ஒரு போட்டி நடக்குது. மண்தரையில கூம்பு கூம்பா வெச்சிருப்பாங்க. ஒவ்வொரு காரா தனித்தனியா வளைஞ்சு நெளிஞ்சு ஓட்டி வரணும். நேரம் பார்ப்பாங்க. அவ்வளவுதான்.

அதுல அறுநூறு கிலோவுக்குள்ள இருக்கற காருக்குத் தனிப் பிரிவு. என்னையும் சேத்து மொத்தமே நாலு பேரு. கடைசியா வந்தாக்கூட நாலாவது இடம்! அறுநூறைத் தாண்டினா பெரிய எஞ்சின் காருங்களோட ஓட்டணும். அங்க போனா நான் கூம்பு பொறுக்கத்தான் லாயக்கு.

அன்னிக்கு மதியம் பன்னெண்டு மணிக்குள்ள எடைச் சீட்டை போட்டோ எடுத்து போட்டிக்கான வாட்ஸப் குரூப்ல போட்டாகணும்.

ஆர்சி புக்குல என் காரோட எடை அறுநூத்தி நாப்பது. கவலையே படல. ஆறு மாசமா லீவு நாள் பூரா உக்காந்து காரைப் பிரிச்சேன். பின்சீட்டு போச்சு. ஸ்டெப்னி போச்சு. கார்ப்பெட், கதவு அட்டை, பாட்டுப் பெட்டி, மேல்கூரைத் துணி எல்லாம் போச்சு. எடுத்ததையெல்லாம் பழைய பேப்பர்காரர் தராசுல வெச்சுப் பார்த்தேன். அறுபது கிலோ! அப்ப கார் ஐநூத்தி எம்பது. கணக்கு சரியா?

அந்தப் பின்சீட்டைப் போட இடமில்லாம குவார்ட்டர்ஸ் ஹால்ல சோபாவா போட்டுட்டேன். இது என் பொண்டாட்டி ஜெயந்திக்கு ஆகவே இல்ல.

"வர்றவங்கெல்லாம் கார் சீட்டுல உக்காந்து காபி குடிக்கறாங்க. நேத்து எங்க சித்தப்பா சீட் பெல்ட்டு எங்கன்னு கேக்கறாரு. மானம் போகுதுங்க."

அதனால வீட்டுல ஒரு ஒப்பந்தம். எடை அறுநூறுக்குள்ள வந்தா கார் என்னுது, அவ ஒரு வார்த்தை பேச மாட்டா. தாண்டினா அன்னிக்குச் சாயங்காலமே பின்சீட்டு காருக்குள்ள ஏறிடணும், ரேஸ் பேச்சு அத்தோட நின்னுடணும்.

"சத்தியமா?"ன்னா.

"சத்தியமா!"ன்னேன். ஐநூத்தி எம்பதை மனசுல வெச்சுக்கிட்டு எந்த மடையனும் சத்தியம் பண்ணுவான்.

காலையில ஒம்போது மணிக்கு வண்டியை எடுத்தேன். எதுத்த குவார்ட்டர்ஸ் சரோஜா அக்கா கேட்டுல நின்னுக்கிட்டிருந்தாங்க. பக்கத்துல ஒரு கேஸ் சிலிண்டர்.

"குமாரு, ஆர்ச் கேட் பக்கமா போற? பின்னாடி காலியாத்தான இருக்கு? பொண்ணு வீட்டுல கேஸ் தீந்துடுச்சாம். இதை மட்டும் எறக்கி விட்டுடு."

இங்க ஒண்ணு சொல்லணும். எங்க நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்புல காலியா ஒரு வண்டி போச்சுன்னா அது குத்தம். சைக்கிள் கேரியர் காலியா இருந்தாலே கூப்பிட்டு ஒரு வாழைத்தார் வெப்பாங்க. நான் பின்சீட்டை எடுத்த நாள்லேருந்து எங்க பிளாக்குல ஒருத்தர்கூட அதை ரேஸ் காரா பாக்கல. 'குமார் நல்ல காரியம் பண்ணான், சாமான் ஏத்தத் தோதா இடம் விட்டிருக்கான்'னுதான் பாத்தாங்க.

வழியிலதான எறக்கப் போறோம்னு ஏத்தினேன். அக்காவும் ஏறி சிலிண்டரைப் புடிச்சுக்கிட்டு தரையில உக்காந்தாங்க.

பொண்ணு வீடு பூட்டியிருந்துச்சு. போன் போட்டா, "கோயிலுக்கு வந்துட்டோம்மா, ஒரு மணி நேரம் ஆகும்."

"பரவால்ல குமாரு. நீ உன் வேலைய முடிச்சுட்டே வா, நான் வண்டியிலயே இருக்கேன்"னாங்க அக்கா. ரொம்பப் பெரிய மனசு.

அடுத்த முக்குல அந்தோணி அண்ணன் கையைக் காட்டினார். மைன்ஸ்ல வெல்டர். முப்பது வருஷ சர்வீஸ். நிலக்கரி வெட்டற ராட்சச மெஷினோட பல்லு உடைஞ்சா இவரைத்தான் கூப்பிடுவாங்க. ரெண்டு மாசம் முன்னாடி என் காரோட பின்தரையில உள்ளங்கை அளவுக்கு மூணு துரு ஓட்டை விழுந்துச்சு. நான் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போயிட்டு வர்றதுக்குள்ள அதை அடைச்சு, கறுப்பு பெயிண்ட் அடிச்சு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்தி வெச்சிருந்தார். ஒரு கிளாஸ் டீக்கு மேல எதுவும் வாங்கிக்கல. தங்கமான மனுஷன்.

"எடை போடப் போறீங்களா தம்பி? நானும் வரேன். என் வேலையும் அதுல இருக்குல்ல!"

முன்சீட்டுல ஏறினார்.

அந்த வெல்டிங்குக்கு அப்புறம் வண்டி கொஞ்சம் மந்தமாத்தான் இருந்துச்சு. உண்மையைச் சொல்றேன், எனக்கு சந்தேகமே வரல. நான் பெரிய டியூனிங் நிபுணர்ல? கார்பரேட்டரை மூணு தடவை கழட்டி மாட்டினேன். அதுல பெட்ரோல் போற ஜெட்டை மாத்தினேன். சைலன்சரை மாத்தினேன். சத்தம் மட்டும் புலி மாதிரி வந்துச்சு. "சத்தம் முன்னாடி போகுது, காரு பின்னாடி வருது"ன்னா ஜெயந்தி. பொறாமைன்னு நெனச்சுக்கிட்டேன்.

ஆர்ச் கேட் தாண்டி டீக்கடை. அங்க முருகேசன். எங்க செக்ஷன்ல கான்ட்ராக்ட்டுல வேலை பாக்கறவன். காலடியில மூணு பலாப்பழம், ஒவ்வொண்ணும் ஒரு ஆடு சைஸ்.

"சார்! சார்! நிறுத்துங்க சார்! பஸ்ஸுல ஏத்த மாட்டன்றான் சார். எம்மா நேரமா நின்னுகினு கீறேன். மாமியார் வூடு எடை மேடைக்கு எதுத்தாப்புலதான். வண்டி காலியாத்தான போவுது?"

"காலியா? உள்ள பாருடா! அக்கா, சிலிண்டர்..."

"அக்கா கொஞ்சம் நவுந்து குந்தினா போதும் சார்."

அக்கா நவுந்தாங்க. முருகேசன் ஏறினான். மூணு பலாவும் ஏறிச்சு. அக்கா ஒரு பலா மேல சாக்கைப் போட்டு உக்காந்துக்கிட்டாங்க. "தரைக்கு இது தேவல"ன்னாங்க.

இப்படியாக என் ரேஸ் கார் எடை மேடைக்குப் போய்ச் சேந்துச்சு.

முன்னாடி நாலு லாரி. எங்க முறை வந்தப்ப மணி பத்தரை. மேடை மேல ஏத்தினேன். கேபின்ல இருந்த ஆளு ஜன்னல் வழியா எட்டிப் பாத்தாரு.

"இன்னா லோடு?"

"லோடு இல்லைங்க. ரேஸ் கார். காலி எடை பாக்கணும்."

அவர் என்னையும் பாத்தாரு, பலா மேல உக்காந்திருக்கற சரோஜா அக்காவையும் பாத்தாரு. கம்ப்யூட்டர்ல ஏதோ தட்டினாரு.

"லோடு எடை தொள்ளாயிரத்தித் தொண்ணூறு. எறக்கிட்டு வாங்க, காலி எடை போடலாம்."

"ஐயோ, எனக்குக் காலி எடை மட்டும்..."

"இங்க ரெண்டு எடைதாங்க முறை. பின்னாடி லாரி நிக்குது, சீக்கிரம் எறக்குங்க."

எறக்கினோம். பின்னாடி லாரி டிரைவர் ரெண்டு பேரு பாவம்னு வந்து ஒத்தாசை பண்ணாங்க. ரோட்டோரமா வரிசையா சிலிண்டர், மூணு பலா, சரோஜா அக்கா, முருகேசன், அந்தோணி அண்ணன். நானும் எறங்கி நின்னேன்.

மேடை மேல என் கார் மட்டும், தன்னந்தனியா. ஆறு மாச உழைப்புங்க!

"அறுநூத்தி அம்பது"ன்னாரு கேபின்காரரு.

"ஐநூத்தி அம்பதா?" கேக்கல, கெஞ்சினேன்.

"அறுநூத்தி அம்பதுங்க."

கம்பெனியில செஞ்சு அனுப்பினதே அறுநூத்தி நாப்பது. நான் ஆறு மாசம் குனிஞ்சு நிமிந்து எடை கொறைச்சு, அதைவிடப் பத்து கிலோ ஏத்தியிருக்கேன்!

பைத்தியம் புடிச்ச மாதிரி ஆயிட்டேன். ஜாக்கியை எடுத்து வெளிய போட்டேன். ஸ்பேனரை எடுத்தேன். மிதியடியை எடுத்தேன். டாஷ்போர்டுல இருந்த பிள்ளையார் மேல கை வெச்சேன்.

"சாமிய எறக்காதீங்க தம்பி"ன்னு பதறினார் அந்தோணி அண்ணன். சர்ச்சுக்குப் போற மனுஷன். "அதுல என்ன எடை இருக்கப் போகுது?"

அவர் சொன்னது சரி. எவ்வளவு எறக்கியும் அறுநூத்தி நாப்பதுக்குக் கீழ எறங்கல.

"உங்க மெஷின் தப்பு!"ன்னேன்.

கேபின்காரருக்குக் கோவம் வந்துடுச்சு. எறங்கி வந்து, காரைத் தள்ளச் சொல்லிட்டு, மேடை மேல தானே ஏறி நின்னாரு. "எழுவது காட்டுது பாருங்க. என் எடை எழுவதுதான். மிஷினு பொய் சொல்லாதுங்க."

அப்பதான் எனக்கு ஒண்ணு ஒறைச்சுது. குனிஞ்சு பின்தரையைத் தட்டிப் பாத்தேன். சத்தமே வரல. பாறையைத் தட்டின மாதிரி இருந்துச்சு.

"அண்ணே. ஓட்டை அடைச்சீங்களே, எத்தனை எம்எம் பிளேட்டு?"

"பன்னெண்டு எம்எம் தம்பி"ன்னார், பெருமையா.

"பன்னெண்டா! காரோட தகடே ஒரு எம்எம் இல்லையேண்ணே!"

"அதான் துரு ஏறுது! மைன்ஸ் மெஷினுக்கு நான் இதுதான் போடறேன். முப்பது வருஷத்துல ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. பழைய இரும்புக் கடையில தேடி எடுத்தேன், அருமையான பிளேட்டு."

"நான் மூணு ஓட்டைதான சொன்னேன்? கையகலம் மூணு துண்டு போட்டாலும்..."

"மூணுக்கு மூணு துண்டு யாரு வெட்டறது? முன்சீட்டுக்குப் பின்னாடி ஆரம்பிச்சு டிக்கி வரைக்கும் ஒரே பிளேட்டா எறக்கிட்டேன். ஆயுசுக்கும் அசையாது!"

எழுவது கிலோ இரும்பு. காருக்குள்ள ஒரு ஆள் ஒளிஞ்சு உக்காந்த கணக்கு. அந்த ஆளையும் சேத்து ஓட்டிக்கிட்டு நான் ரெண்டு மாசமா கார்பரேட்டரைத் திட்டிக்கிட்டிருந்திருக்கேன்.

"வெட்டி எடுக்க முடியுமாண்ணே?"

அந்தோணி அண்ணன் குனிஞ்சு பாத்தார். தான் போட்ட பிளேட்டைத் தானே தட்டித் தடவிப் பாத்தார்.

"எடுக்கலாம் தம்பி. ஆனா காரு ரெண்டா வரும்."

என்னால கோவப்படக்கூட முடியல. ஒரு டீக்கு அவ்வளவு உழைப்பைக் கொட்டின மனுஷனை என்னன்னு திட்டறது? ரோட்டோரம் பலாப்பழத்துக்குப் பக்கத்துல உக்காந்துட்டேன். நெஜமாவே அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. சரோஜா அக்கா மட்டும், "விடு குமாரு, ஸ்ட்ராங்கா இருக்குல்ல"ன்னாங்க.

கேபின்காரர் சீட்டை நீட்டினார். வாங்கிப் பாத்தேன்.

மொத்த எடை 990. வண்டி எடை 650. நிகர எடை 340. சரக்கு: பலாப்பழம்.

"என்னங்க இது?"

"சரக்கு பேரு போடலன்னா சீட்டு வராதுங்க."

அந்த முன்னூத்தி நாப்பது கிலோ பலாவுல மூணுதான் பலா. மிச்சம் ஒரு சிலிண்டர், அந்தோணி அண்ணன், சரோஜா அக்கா, முருகேசன், எம்பத்தஞ்சு கிலோவுல நான். எங்க எல்லாரையும் பழத்துல சேத்துட்டாங்க!

பன்னெண்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப அதைப் போட்டோ எடுத்து குரூப்ல போட்டேன். பொய் சொல்ல மனசு வரல. போட்டி நடத்தறவர்கிட்டேருந்து ஒரே வரி பதில் வந்துச்சு: "பெரிய பிரிவு. பழத்தை எறக்கிட்டு வரவும்."

நான் போகல. கூம்பு பொறுக்கவும் போகல.

சிலிண்டரையும் பலாவையும் சேர வேண்டிய இடத்துல எறக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். ஜெயந்தி சீட்டை வாங்கி மேலேருந்து கீழ வரைக்கும் படிச்சா.

"முன்னூத்தி நாப்பது கிலோ பலா எங்கங்க?"

"எதுத்தாப்புல நிக்கறேன்"னேன்.

சத்தியம் சத்தியம்தான். அன்னிக்குச் சாயங்காலமே நானும் அந்தோணி அண்ணனும் ஹால்லேருந்து பின்சீட்டைத் தூக்கிக்கிட்டுப் போனோம். ஜெயந்தி வாசல்ல நின்னு பாத்தா, ஜெயிச்ச முகத்தோட.

பின்சீட்டைக் காருக்குள்ள வெச்சோம். போல்ட்டு போடற ஓட்டையைத் தேடினோம்.

ஓட்டை இல்ல. எல்லாம் அந்தப் பன்னெண்டு எம்எம்முக்கு அடியில.

"ஆயுசுக்கும்..."னு ஆரம்பிச்ச அந்தோணி அண்ணன், ஜெயந்தி மூஞ்சைப் பாத்து அத்தோட நிறுத்திக்கிட்டார்.

சீட்டு திரும்ப ஹாலுக்கே வந்துடுச்சு. சித்தப்பாவுக்குப் பழகிப்போச்சு. கார் ரேஸுக்கும் ஆகல, குடும்பத்துக்கும் ஆகல. எங்க பிளாக்குக்கு ஆயிடுச்சு. திங்கக்கிழமை யாரோ சிலிண்டர், புதன்கிழமை யாரோ பீரோ. இப்பவும் எல்லாரும் அதை ரேஸ் கார்னுதான் கூப்பிடறாங்க. "ரேஸ் கார் சும்மாவா இருக்கு? ரெண்டு மூட்டை உமி எடுக்கணும்!"

போன வாரம் ஜெயந்தியே முன்சீட்டுல ஏறி உக்காந்தா. மடியில அரிசிப் பை, கையில போன். மணி பன்னெண்டே முக்கா தாண்டிடுச்சு.

"ஏங்க, ஒரு மணிக்கு ரேஷன் கடையை மூடிடுவான். ரேஸ் காருதான? மிதிங்க!"

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்துல அவ என்னை வேகமா ஓட்டச் சொன்னது அதுதான் முதல் தடவை. கண்ணு கலங்கிடுச்சு எனக்கு. மிதிச்சேன் பாருங்க! ஒவ்வொரு ரவுண்டானாவும் எனக்கு ஒரு கூம்பு. புலிச் சத்தத்துல பிளாக் பூரா வாசலுக்கு வந்துடுச்சு. ஜெயந்தி போன்ல நேரம் பாத்துக்கிட்டே வந்தா. ஆறு நிமிஷம் பத்து செகண்டு! கடைக்குப் போக வழக்கமா ஆகற நேரத்தைவிட ரெண்டு நிமிஷம் கம்மி, எழுவது கிலோ இரும்போட!

கடை அன்னிக்கு லீவு.