இரண்டாவது சனிக்கிழமையும் சண்டிகேசரும்

நாள்காட்டியில் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டால் அந்த நாள் தமக்கே சொந்தமாகிவிட்டது என்று நம்புகிறவர்கள் உண்டு. நானும் அப்படி நம்பியவள்தான். காஞ்சிபுரத்துக்குக் குடிவந்த மறு ஆண்டே அந்த நம்பிக்கை என்னிடமிருந்து மேளதாளத்தோடு விடைபெற்றது.

அறுபதுகளின் கடைசி அது. என் கணவருக்கு அங்கே வங்கியில் வேலை. நான் பம்பாயில் வளர்ந்தவள். கையில் எப்போதும் ஒரு புத்தகம் இருக்கும் என்ற ஒரே காரணத்துக்காக எங்கள் வீதி மாதர் மன்றத்தார் என்னைக் காரியதரிசியாக்கினார்கள். அதுவரை மன்றத்தின் ஆண்டு நிகழ்ச்சிகள் என்றால் கோலப் போட்டி, ஊறுகாய்ப் போட்டி, பாட்டு நின்றதும் நாற்காலியைப் பிடிக்கும் போட்டி ஆகியவைதாம். (கடைசிப் போட்டியில் தலைவி இராஜம்மாளைத் தவிர வேறு யாரும் வென்றதில்லை. அவர் பட்டுக்கடை முதலாளியின் மனைவி, நாற்காலிகளும் அவருடையவை.)

நான் புரட்சி செய்தேன். மாதந்தோறும் இரண்டாவது சனிக்கிழமை, மாலை நான்கு மணிக்கு, சொற்பொழிவு. ஏப்ரலில் அளவான குடும்பம், மே மாதம் சந்திர யாத்திரை, ஜூனில் ரஷ்ய இலக்கியம் என்று ஓராண்டு நிரலையும் ரோஜா நிறத் தாளில் அச்சடித்து வீடுவீடாகக் கொடுத்தேன்.

இராஜம்மாள் அதை மூக்குக்கண்ணாடி வழியாக நெடுநேரம் பார்த்தார்.

"மொதக் கூட்டத்துக்கு மண்டபம் ரொம்பணும், காரியதரிசிம்மா. ரொம்பலைன்னா பழையபடி ஊறுகாதான். சந்திரனுக்கெல்லாம் அப்பால போய்க்கலாம்."

குடும்பக் கட்டுப்பாடு என்ற சொல்லைக் கேட்டாலே பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்ட காலம். அதைப் பேசச் செங்கல்பட்டிலிருந்து ஒரு லேடி டாக்டரை வரவழைத்திருந்தேன். காலி மண்டபத்தில் அவரை நிறுத்தினால் என் சொற்பொழிவுகள் அத்தனையும் அன்றோடு ஜாடிக்குள் போய்விடும்.

மண்டபம் எங்கள் வீதி நெசவாளர்களுக்குப் பொதுவானது. அதன் சாவி, பக்கத்து வீட்டுக் கஸ்தூரியிடம் இருந்தது. தறியில் உட்கார்ந்தபடியே ஊர் முழுவதையும் கேலி செய்யக்கூடியவள்.

"கூட்டத்துக்கு இன்னாத்துக்குமா கவலப்படுறீங்க? அன்னிக்கு நிக்க எடம் இருக்காது, பாருங்க" என்றாள்.

பேச்சின் தலைப்புக்கு இவ்வளவு மதிப்பா என்று நான் பூரித்துப்போனேன்.

அந்தச் சனிக்கிழமை மண்டபத்துக்குப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். வாழைமரம், மாவிலைத் தோரணம், தெருவை அடைத்த கோலம். உள்ளே பட்டுப்புடவை கட்டிய பெண்கள், தேங்காய்த் தட்டும் பூவுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். (தேங்காய் எதற்கு என்று ஒரு கணம் யோசித்தேன். டாக்டருக்கு மரியாதை செய்யப்போகிறார்கள் என்று நானே முடிவுசெய்து, கண் கலங்கவும் செய்தேன்.)

மண்டபத்தின் கோடியில் இருந்த உயரமான மேடையில் டாக்டருக்கு மேசை போட்டோம். பின்சுவரில் ஒரு பெரிய படம்: அப்பா, அம்மா, சிரிக்கும் இரண்டு குழந்தைகள். டாக்டர் குச்சியால் இரண்டாவது குழந்தையைத் தொட்டு, "இதோடு நிறுத்திக்கொண்டால்..." என்றபோது தெருமுனையில் நாதஸ்வரம் கேட்டது. பெண்கள் அனைவரும் ஒரே வீச்சில் எழுந்தார்கள்.

வெட்கம் தாங்காமல் ஓடுகிறார்கள் என்று நினைத்தேன். இரு கைகளையும் விரித்து வாசலை மறித்து, "யாரும் போகாதீர்கள்! கேள்வி நேரம் பாக்கி இருக்கிறது!" என்று கூவினேன்.

முதுகுக்குப் பின்னால் சூடாக ஏதோ உறைத்தது. தீவட்டி.

"கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா, சுவாமி எறங்கற எடம்" என்றார் குருக்கள்.

பங்குனித் திருவிழா நடப்பது எனக்குத் தெரியும். அந்தத் திருவிழாவில் ஒரு நாள் மாலை எங்கள் வீதி நெசவாளர்களின் மண்டகப்படிக்காகச் சுவாமி இந்த மண்டபத்தில், நான் மேசை போட்ட அதே மேடையில், எழுந்தருளுவார் என்பது தெரியாது. ஊர் நட்சத்திரம் பார்த்து நாள் வைத்திருந்தது. நான் சனிக்கிழமை பார்த்து வைத்திருந்தேன்.

டாக்டரின் மேசையை, சுவாமியைத் தோளில் சுமந்து வந்த சீர்பாதக்காரர்கள் அலாக்காகத் தூக்கி வெளியே வைத்தார்கள். படம் மட்டும் எட்டாத உயரத்தில் அப்படியே தொங்கியது. அதன் கீழே விநாயகர், முருகர், சுவாமி, அம்பாள், கடைசியாகச் சண்டிகேசர் என வரிசையாக எழுந்தருளினார்கள். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று காத்திருந்தேன்.

கஸ்தூரி படத்தைப் பார்த்தாள். மேடையைப் பார்த்தாள்.

"டாக்டரம்மா சொல்றது சரிதாம்மா. சாமிக்கே ரெண்டு புள்ளைங்கதானே!"

இராஜம்மாள் விடவில்லை. "அப்போ கடைசியா கீறாரே சண்டிகேசர், அவரு?"

"அவரு கணக்குல வரமாட்டாரும்மா. தானா வந்து சேந்துக்கினவரு."

மண்டபம் அதிர்ந்தது. கற்பூரத் தட்டோடு நின்ற குருக்களின் தோள்கூடக் குலுங்கியது. அந்தச் சிரிப்பில் வெட்கமும் கரைந்துபோயிற்று. நைவேத்தியத்துக்குத் திரை போட்ட நேரத்தில், டாக்டரைத் தூணோரம் சூழ்ந்துகொண்டு பெண்கள் காதோடு காதாகக் கேள்வி கேட்டார்கள். சுவாமி புறப்பட்டபோதும் டாக்டர் புறப்படவில்லை.

இராஜம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கெட்டிக்காரிமா நீ! சாமி வர்ற நாளாப் பாத்து வெச்சுக்கினியே. அதனாலதான் நாள மாத்தச் சொல்லி நாங்க யாரும் வாயே தொறக்கல. சந்திரனுக்குப் போலாம், போ."

நான் அடக்கமாகப் புன்னகைத்தேன். அதன்பின் கஸ்தூரியைக் கேட்காமல் ஒரு தேதியும் குறித்ததில்லை.

கதை அங்கே முடிந்திருந்தால் என் கௌரவம் பிழைத்திருக்கும். அடுத்த சில ஆண்டுகளில் எனக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். அளவான குடும்பம் என்று ஊரெல்லாம் தலைநிமிர்ந்து நடந்தேன். பிறகு, யாரும் எதிர்பாராமல், மூன்றாவதாக ஒரு மகன். பார்க்க வந்த கஸ்தூரி குழந்தையைக் கையில் வாங்கவில்லை. தொட்டிலின் முன் பயபக்தியோடு நின்று, எப்போதும் தியானத்தில் இருக்கும் சண்டிகேசரின் சந்நிதியில் தட்டுவதுபோல மெல்லக் கைதட்டினாள்.

அவனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. ஊரிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றினால், அக்காமார் இருவரும் இன்றும் கைதட்டித்தான் வரவேற்கிறார்கள். அவன் நாற்காலியில் சம்மணமிட்டுக் கண்ணை மூடி, காபி வரும்வரை தியானத்தில் இருக்கிறான்.