பதினாறு அக்காவின் கிண்ணங்கள்

வடக்கே கேளம்பாக்கத்திலிருந்து தெற்கே கடப்பாக்கம் வரை யார் செத்தாலும் சரி, அந்தப் பதினாறாம் நாள் காரியத்துக்கு எங்கள் பதினாறு அக்கா போகாமல் இருந்ததில்லை. சொந்தம் வேண்டாம், சாதி வேண்டாம், செத்தவரை உயிரோடு பார்த்திருக்கவும் வேண்டாம். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் பசை காய்வதற்குள் அக்கா விரல்விட்டுத் தேதியைக் கணக்குப் போட்டிருப்பார். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை, கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார்.

அக்கா போனது கிண்ணத்துக்காக. காரியத்துக்கு வந்தவர்களுக்கு, இறந்தவரின் பெயரை வெட்டிய எவர்சில்வர் பாத்திரம் ஒன்றைக் கொடுத்தனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். அக்கா அதைப் பயபக்தியோடு வாங்கி வந்து, பூனைக்குச் சோறு வைப்பார்.

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டூவீலர் ஸ்டாண்டைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் அவர். நான் தினமும் அங்கே வண்டியை விட்டுவிட்டு செங்கல்பட்டு ஆபீசுக்கு பஸ் பிடிப்பேன். மாலையில் வந்தால் என் சீட்டில் ஒரு பூனை தூங்கும். அதுவாக எழுந்திருக்கும்வரை நான் நின்றுகொண்டிருக்க வேண்டும். தட்டி எழுப்பினால் அக்கா வாயில் விழ வேண்டியதுதான்.

ஒருநாள் பூனைகளுக்கென்று, பார்சல் டப்பாவில் தயிர் சாதம் கொண்டுபோனேன்.

"இன்னா இது?"

"தயிர் சாதம்க்கா."

"சோத்த கேக்கல, டப்பாவ கேக்குறேன். பிளாஸ்டிக்ல கீறல் வுழும், கீறல்ல அழுக்கு பூந்துகினு கெடக்கும். பூனைக்கு மோவாய்ல கருப்பு கருப்பா பரு வரும். உனக்கு வந்தா களிம்பு தடவிக்குவ, அது இன்னா பண்ணும்?"

மறுநாள் வீட்டிலிருந்து பீங்கான் கிண்ணம் எடுத்துப் போனேன். அதன் ஓரத்தில் நகக்கண் அளவு உடைந்திருந்தது. "நாக்கு கிழியும்" என்று திருப்பிக் கொடுத்தார். அதற்கும் மறுநாள் உயரமான எவர்சில்வர் டப்பா.

"இதுக்குள்ள தலைய வுட்டா மீசை ரெண்டு பக்கமும் இடிக்கும். உன் மீசைய புடிச்சி இழுத்துகினு சோறு போட்டா துன்னுவியா நீ?"

"எனக்கு மீசையே இல்லையேக்கா."

"அதான் உனக்குப் புரியல."

அக்காவின் சட்டம் இதுதான்: எவர்சில்வராக இருக்க வேண்டும், அகலமாக இருக்க வேண்டும், பள்ளம் கூடாது, விளிம்பு மடித்திருக்க வேண்டும். சோறு வைக்கும்போது நழுவாமல் இருக்க, பஞ்சரான டியூபை வளையமாக வெட்டி அடியில் போடுவார். ஒவ்வொரு வேளைக்கும் சோப்பு போட்டுக் கழுவுவார். என் வீட்டில் என் தட்டுக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

விளிம்பைச் சோதிக்க அக்கா ஒரு வழி வைத்திருந்தார். கிண்ணத்தை வாங்கியதும் கண்ணை மூடி, அதன் ஓரத்தைக் கன்னத்தில் மெல்ல உரசிப் பார்ப்பார். பார்க்கிறவர்களுக்கு, பாவம், செத்தவர் நினைவாகக் கொடுத்ததை முகத்தோடு அணைத்துக்கொண்டு உருகுகிறார் என்று தோன்றும். அழுது அடங்கியிருந்த வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்து மறுபடியும் ஓவென்று ஆரம்பிப்பார்கள். ஒருமுறை இப்படி ஒரு கூடமே குலுங்கி அழுதுகொண்டிருந்தபோது, அக்கா கண்ணைத் திறந்து, "மடிப்பு சரியில்ல, அறுக்குது. வேற குடு" என்றார்.

டம்ளர் கொடுத்த வீடுகளை அவர் மன்னித்ததே இல்லை. "அப்பன் போன துக்கத்துல புத்தி மழுங்கிப்போச்சா? இதுக்குள்ள எந்தப் பூனை வாய் போவும்?" என்று பந்தியிலேயே கேட்பார். பிறகு, செத்த பின் சண்டை போட்டுப் பிரயோசனமில்லை என்று, சாவதற்கு முன்பே போய்ச் சொல்லத் தொடங்கினார்.

பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆன மாணிக்கம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அக்கா நாலு சாத்துக்குடியோடு போய், கட்டிலருகே நின்ற மகன் சேகரிடம், "அப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது. அப்பிடி ஆச்சுன்னா டம்ளர் வாங்கிடாத. அகலமா, தட்டையா ஒரு கிண்ணம் வாங்கு" என்றார். மாணிக்கம் இருமி இருமிச் சிரித்தார். "அவ கேக்குறத வாங்குடா" என்றார். அவர் கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று பிறகு சொன்னார்கள்.

சேகர், அப்பா சொன்னபடியே வாங்கினார். எதற்கென்று அவருக்குத் தெரியாது. கேளம்பாக்கத்தில் ஃபிளாட்டில் இருப்பவர், எங்கள் ஸ்டாண்டுப் பக்கம் வந்ததில்லை.

எந்தக் கிண்ணத்தில் சாப்பிடுகிறதோ, அதில் வெட்டியிருக்கும் பெயர்தான் பூனைக்கும் பெயர். எலிசபெத் டீச்சர் என்பது ஒரு கடுவன். சரோஜாம்மா என்பது வாலில்லாத ஒன்று. "டீச்சர் மறுபடியும் சரோஜாம்மாவ கடிச்சிட்டாங்கக்கா!" என்று ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடைக்காரர் கத்துவார், பஸ்ஸுக்கு நிற்கும் வெளியூர்க்காரர்கள் மிரண்டு பார்ப்பார்கள்.

இவ்வளவு பிடிவாதத்துக்கும் அர்த்தம் இருந்தது. மாணிக்கம் போன வருஷம் யாரோ மிச்சத் தயிரோடு ஒரு பிளாஸ்டிக் ஜாடியை வெளியே வைத்தார்கள். குட்டி போட்டிருந்த தாய்ப்பூனை ஒன்று தலையை விட்டு மாட்டிக்கொண்டது. கண் தெரியாமல் ஜாடியோடு ஈசிஆர் ரோட்டில் ஓடியது. கார் அடித்துவிட்டது. மூன்று குட்டிகள் மிஞ்சின. அதில் சின்னதுதான் மாணிக்கம்.

வெயில் காலத்தில் ஒரு நாள் சேகர் வண்டி விட ஸ்டாண்டுக்கு வந்தார். அந்த நேரம் பார்த்து டீக்கடைக்காரர், "அக்கா, மாணிக்கம் வாந்தி எடுத்துட்டான்" என்று குரல் கொடுத்தார். சேகர் திரும்பினார். அப்பாவின் பெயர்மேல் ஒரு பூனைக்குட்டி நக்கிக்கொண்டிருந்தது.

"இன்னா கொழுப்பு உனக்கு? எங்கப்பா பேர்ல பூனைக்குச் சோறு வெக்கிறியா? எல்லாத்தையும் எடுத்துரு. இல்லன்னா ஆள் வெச்சி உன்னையே இந்த ஸ்டாண்ட வுட்டுத் தூக்கிருவேன்."

"தூக்கு. கிண்ணத்த எடுக்க மாட்டேன்" என்றார் அக்கா. சேகருக்குப் பெரிய இடத்துப் பழக்கம் உண்டு, சொன்னால் செய்யக்கூடியவர்.

அக்கா கடப்பாக்கத்தில் ஒரு காரியத்துக்குப் போயிருந்தபோது சேகர் மறுபடி வந்தார். எல்லாக் கிண்ணங்களையும் மூட்டை கட்டினார். கெட்ட மனுஷர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பூனைகள் பட்டினி கிடக்கக் கூடாதென்று புத்தம்புது பிளாஸ்டிக் டப்புகள் வாங்கி வந்து, தாராளமாகப் பால் ஊற்றி வைத்துவிட்டுத்தான் போனார். எல்லாம் ஆழமான டப்புகள்.

நான் மாலையில் வந்தபோது டீக்கடைக்காரர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். பாலுக்கு எட்டிய சின்னக் குட்டி மாணிக்கம் டப்புக்குள்ளே விழுந்திருக்கிறது. வழுவழுப்பான பக்கத்தில் நகம் பிடிக்கவில்லை. அவர் பார்த்தபோது மிதந்துகொண்டிருந்ததாம்.

சற்றைக்கெல்லாம் அக்கா கையில் புதுக் கிண்ணத்தோடு வந்தார். குட்டியை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தார். காது மடல்கூட விடாமல் துடைத்தார். காம்பவுண்டு ஓரத்தில் குழி தோண்டினார், நான் மண்ணைத் தள்ளினேன்.

மிச்சம் இரண்டு குட்டிகளும் அதன்பின் எதையும் தொடவில்லை. இலையில் வைத்தாலும் முகர்ந்துவிட்டுப் போய் மூலையில் படுத்தன. "இதுங்களும் போயிரும்ப்பா. எனக்கும் வாணாம் இந்த ஸ்டாண்டு. அவனே வெச்சிக்கட்டும்" என்றார் அக்கா. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

மறுநாள் காலை ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. மாணிக்கத்தின் மனைவி இறங்கினார். பின்னாலேயே சேகர், மூட்டையைத் தூக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல். டீக்கடைக்காரர் வாய் அவர்கள் வீடுவரை போயிருந்தது.

அந்தம்மா தரையில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தார். புருஷன் பெயர் போட்ட கிண்ணத்தை எடுத்து வைத்தார்.

"ஊருக்கே குடுத்தோம்மா இத. எல்லாரும் பரண்ல போட்டுட்டாங்க. எங்க வூட்லயே பீரோ மேல தூசி படிஞ்சி கீது. இங்க ஒரு எடத்துலதான் அவரு பேர் மேல தெனமும் சோறு வுழுந்துகினு இருந்திருக்கு. அது தெரியாம என் புள்ள தூக்கியாந்துட்டான்."

அக்கா கிண்ணத்தைக் குழாயில் கழுவி, மீன் போட்டுப் பிசைந்த சோற்றை வைத்து, மூலையில் கிடந்த குட்டிகளில் ஒன்றின் முன்னால் தள்ளினார். அது முகர்ந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தது. நாங்கள் நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். ஒரு வாய் எடுத்தது, பிறகு அவசர அவசரமாகத் தின்றது.

அந்தம்மா குனிந்து அதனிடம் சொன்னார்: "மெள்ள சாப்டுங்க. யாரும் புடுங்கிக்க மாட்டாங்க."

சேகர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு என்மேல் பாய்ந்தார். "இன்னாத்துக்கு இங்க நின்னுகினு கீற? பஸ்ஸு போவுது பாரு!" பஸ் போனது. நான் போகவில்லை.

இப்போது செங்கல்பட்டிலேயே குடியிருக்கிறேன், ஆபீசுக்கு நடந்தே போய்விடலாம். ஆனாலும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வேலையும் இல்லாமல் மாமல்லபுரம் போகிறேன். வண்டியை வேண்டுமென்றே கோணலாக நிறுத்திவிட்டு, அக்காவிடம் வயிறாரத் திட்டு வாங்கிக்கொண்டு வருகிறேன்.