வாசலில் விலை பேசிய பிரசங்கம்

குத்தாலம்

அன்பு மச்சான் இராஜாங்கம் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் துரைராசு தோத்திரம் சொல்லி எழுதுவது.

இங்கே நானும் அமிர்தமும் நெல் வியாபாரமும் ஆண்டவர் கிருபையில் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எங்கள் பாஸ்டர் அன்பரசன் வேறு ஊர்ச் சபைக்கு மாற்றல் கேட்டு, நீங்கள் வேலை பார்க்கும் திருமண்டல ஆபீசுக்கு மனுப் போட்டிருக்கிறார். அது மேசையை விட்டு நகராமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காரணம் நான்தான் என்கிறாள் உங்கள் தங்கை. ஆராதனை முடிந்து பாஸ்டர் வாசலில் நின்று கைகொடுப்பார் இல்லையா, மற்றவர்கள் கையைக் கொடுத்துவிட்டுக் கறிக்கடைக்கு ஓடுவார்கள், நான் ஒருத்தன்தான் நிற்பேன், அவரும் "குறை இருந்தா சொல்லுங்க ஐயா, திருத்திக்கிறேன்" என்பார், கேட்ட மனுஷனிடம் மறைக்கலாமா, நீளம் ஜாஸ்தி என்றேன், சுருக்கினார், எடை பத்தலை என்றேன், கதை சேர்த்தார், எல்லாம் டவுன் கதையா இருக்கே என்றேன், பாவம், மறுவாரம் சம்பா நடவை உதாரணம் காட்டினார், நடவு எந்த மாசம்னு விசாரிச்சுட்டுப் பேசுங்க என்றேன். இப்போதெல்லாம் மைக்கைப் பார்த்தாலே மனிதருக்கு வியர்க்கிறது.

"ஒரு நாளாச்சும் நல்லாருந்துச்சுன்னு சொன்னீங்களா?" என்று அமிர்தம் கேட்டாள்.

"சொன்னா விலை ஏறிடும்," என்று வாயில் வந்துவிட்டது. எத்தனை நல்ல நெல்லானாலும் கடித்துப் பார்த்து, ஈரம் என்று முகம் சுளித்தே கடையை வளர்த்தவன் நான்.

"அவரு என்ன மூட்டையா கொண்டாந்து இறக்குறாரு?" என்றாள்.

சரி, பாராட்டிவிடுவோம் என்று பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். "உங்க பிரசங்கம் எல்லாமே பிரமாதம்," என்றேன். அவர் பதறி நாற்காலியை இழுத்துப் போட்டு, "உடம்புக்கு ஏதும் முடியலையா ஐயா?" என்றார். எது பிடித்தது என்று கேட்டதும் விழித்தேன். பிறகு உள்ளதைச் சொன்னேன்: "மன்னிக்கிறதைப் பத்திப் பேசினீங்களே, அன்னைக்குத்தான் என் தம்பிக்குப் போன் பண்ணேன். வரப்புத் தகராறுல பேச்சு விட்டுப்போய் எத்தனையோ வருஷம்."

பாஸ்டர் என்னை உற்றுப் பார்த்தார். "அன்னைக்கு வாசல்ல நீளம் ஜாஸ்தின்னுதானே ஐயா சொன்னீங்க?"

"நீளமும் ஜாஸ்திதான்," என்றேன். முதல் முறையாக அவர் சிரித்தார். சிரித்த கையோடு, ஆண்கள் ஞாயிறு வருது, அன்னைக்குச் சபை ஆண்கள்தான் ஆராதனை நடத்தணும், பிரசங்கம் நீங்கதான் என்று என் தலையில் கட்டிவிட்டார்.

நேற்றுப் பேசினேன். தம்பிக்குப் போன் பண்ணின கதையைச் சொன்னேன். பாதியில் நாக்கு ஒட்டிக்கொண்டு, யூரியா தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசி ஒப்பேற்றினேன். வாசலில் அவர் என் கையைப் பிடித்து, "தம்பி கதை மனசுல நின்னுச்சு ஐயா. அதோட முடிச்சிருக்கலாம்," என்றார். குறைதான் சொன்னார், ஆனாலும் வீடு வரைக்கும் எனக்கு நடை லேசாக இருந்தது. இந்த வித்தை தெரிந்தவரை வேறு ஊருக்கு விட்டுவிடாதீர்கள்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் வீட்டில் சமாதானமும் நெல்லும் நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
துரைராசு

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது பாஸ்டர் போன் பண்ணினார். மனுவை அவரே திரும்ப வாங்கிக்கொண்டாராம். ஆகவே மேலே கேட்டது எதுவும் வேண்டாம். ஆனால் அடுத்த மாதமும் பிரசங்கம் எனக்கே என்கிறார். உங்கள் ஆபீசிலிருந்து அதைத் தடுக்க வழி உண்டா என்று அவசியம் பாருங்கள்.