பூனை படுத்திருந்த பிக்கப்

பழைய வண்டி வாங்கப் போகிறவன் துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்பது என் கட்சி. தனியாகப் போனால் பயம் இருக்கும். பயத்தில் நாலு இடத்தைத் தொட்டுப் பார்ப்போம், குனிந்து பார்ப்போம், வாய்விட்டுக் கேள்வி கேட்போம். இரண்டு பேராகப் போனால் அவருக்குத் தெரியும் என்று நாமும், நமக்குத் தெரியும் என்று அவரும் நம்பிக்கொண்டு, மரியாதையாகத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிடுவோம். நான் மாத்தளைக்கு அப்பால் நாலந்தாவில் பிக்கப் வாங்கியது அப்படித்தான். (வாங்கினேன் என்பதைவிட, தலையில் ஏற்றிக்கொண்டு வந்தேன் என்பது சரி.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யுத்த காலம் அது. உக்குவளையிலிருந்து தினமும் மாத்தளை டவுனுக்குப் போய், ஒரு மொத்தக் கடையில் மிளகும் கராம்பும் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாதா கோயில் பாட்டுக் குழுவில் ஸ்டெல்லா என்று ஒரு பெண். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது என்று, நான் சுருதி விலகிப் பாடும்போதெல்லாம் அவள் சிரித்த சிரிப்பிலிருந்து தெரிந்துகொண்டேன். பாக்கி இருந்தவர் அவளுடைய அப்பா சூசை மாமா மட்டும்தான். யட்டவத்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஸ்டோர் கிளார்க். (மாமா என்றாலும் சொந்தம் ஒன்றும் கிடையாது. மகளைப் பார்த்த நாளிலிருந்து நானாகவே வைத்துக்கொண்ட முறை.)

மாமா பேச்சைச் சுற்றி வளைக்கவில்லை.

"அடுத்தவன் தராசுல நிக்கிற பையனுக்குப் பொண்ணக் குடுத்துட்டு நான் எப்படித் தூங்குறது? சொந்தமா ஒரு வண்டிய வாங்கி, நீங்களே ஊர் ஊரா மிளகு எடுத்து வித்துப் பொழைக்கிறதா இருந்தா சொல்லுங்க. அப்ப பேசலாம் தம்பி."

அந்தத் 'தம்பி'தான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வாங்க தம்பி, இருங்க தம்பி, போயிட்டு வாங்க தம்பி. எந்தப் பையனையும் அப்படிக் கூப்பிடலாம். அந்த வாயிலிருந்து 'மாப்பிள்ளை' என்ற ஒரு சொல் விழுந்துவிடாதா என்று, பாட்டுக் குழுவில் நின்றபடியே நான் வேண்டாத புனிதர் இல்லை.

நாலந்தாவில் ஒரு பிக்கப் விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு மாமாவிடம் சொன்னேன். "நானும் வர்றேன்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. தோட்டத்து லொறிகள் வந்து நிற்கிற ஸ்டோரில் காலமெல்லாம் வேலை செய்தவர், வண்டியைக் கரைத்துக் குடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் என்ன நினைத்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. கடை லொறிகளோடு பழகுகிற பையன், வண்டியைக் கரைத்துக் குடித்திருப்பான் என்று நினைத்தாராம்.

வீடு ரோட்டை ஒட்டிய ஒரு மேட்டில் இருந்தது. வெளுத்துப்போன நீல நிறத்தில் பிக்கப், மேட்டின் உச்சியில், மூக்கைப் பள்ளத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு நின்றது. காலைத் தூறல் அப்போதுதான் விட்டிருந்தது. பொனட்டின் மேல் ஒரு மஞ்சள் பூனை நாலு காலையும் நீட்டிப் படுத்திருந்தது.

"பூனைகூட வண்டிய விட்டு எறங்க மாட்டேங்குதே" என்றேன்.

"வாயில்லாத ஜீவன். அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது தம்பி" என்றார் மாமா.

பூனை உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும்தான் அந்தப் பாஷை தெரியவில்லை.

வண்டிக்காரர் சாதுவான சிங்கள மனிதர். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை. நான் 'மாத்தயா' என்று மரியாதையாகக் கூப்பிட்டேன். "எப்பவும் இந்த மேட்டுலதான் நிப்பாட்டுவேன்" என்றார். காற்றோட்டத்துக்காக என்று நினைத்தேன். மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு முறை சுற்றி வந்து "ம்" என்றார். அந்த 'ம்'மில் எத்தனை வருஷ அனுபவம் என்று நான் புல்லரித்துப் போனேன். சும்மா நின்றால் நன்றாக இருக்காது என்று முன் டயரை ஓங்கி உதைத்தேன். கால் பெருவிரல் விண்ணென்று தெறித்தது. "டயர் கல்லு மாதிரி இருக்கு" என்றேன். (அந்த ஒன்று மட்டும் சோதித்து அறிந்த உண்மை.)

மாத்தயா பூனையைத் தூக்கி இறக்கிவிட்டு பொனட்டைத் திறந்தார். செத்த வீட்டில் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பதுபோல இரண்டு பேரும் தலையைக் குனிந்து நின்றோம்.

"எப்படி மாமா?"

"நீங்க பாக்குறீங்கதானே தம்பி. நான் சொல்ல என்ன இருக்கு?"

"ஐயோ, உங்களுக்குத் தெரியாததா மாமா?"

இப்படியே ஒருவரையொருவர் உயர்த்திவிட்டுக்கொண்டு நின்றோம். எண்ணெய்க் குச்சியை யாரும் இழுத்துப் பார்க்கவில்லை. கால்மிதியைத் தூக்கித் துருவைப் பார்க்கவில்லை. வண்டிக்கு அடியில் குனியலாம் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த நேரம் பார்த்து மாத்தயாவின் மனைவி தேத்தண்ணியும் கொக்கிஸ் பலகாரமும் கொண்டு வந்தார். ஒருவர் வீட்டில் வாய் நனைத்த பிறகு அவருடைய வண்டிக்குக் கீழே படுத்து நோண்டுவது எப்படி? நாங்கள் அவ்வளவு மரியாதை கெட்டவர்களா?

மீட்டரைப் பற்றி மட்டும் மாமா கேட்டார். மாத்தயா ஒளிக்காமல் சொன்னார். "அது ஒரு சுத்து முடிச்சு மறுபடியும் பூச்சியத்துல இருந்து ஓடுது. ரெண்டாவது சுத்தாகவும் இருக்கலாம்."

"நெறைய ஓடியிருக்குன்னா நல்லா ஓடுதுன்னுதானே அர்த்தம்" என்று மாமா என் காதில் சொன்னார். அந்த ஞானம் எனக்கும் சரியாகவே பட்டது. சாவியைத் திருப்பினேன், உடனே பிடித்துக்கொண்டது. பின்னால் போன புகையைப் பார்க்க யாருக்கும் கழுத்துத் திரும்பவில்லை. கடையில் சேர்த்த காசும், அம்மாவின் வளையலும், ஒரு கூட்டாளியின் தயவுமாகச் சேர்ந்த தொகை அங்கேயே கைமாறியது.

மாத்தளையை நோக்கி வருகையில் மாமா தோட்டத்துத் துரை மாதிரி ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு வந்தார். தேவையில்லாத இடத்திலெல்லாம் ஹோர்ன் அடிக்கச் சொன்னார். என் கல்யாணம் கண்ணுக்கு நேரே வந்துகொண்டிருந்தது.

அதற்கு முன்னால் செக் பொயின்ட் வந்தது.

அன்றைக்கு என்ன காரணமோ, வாகனங்களை நெடுநேரம் வரிசையில் போட்டுவிட்டார்கள். முன்னால் இருந்த பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கிச் சாமான்களைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். மறுபடியும் தூறல் பிடித்தது. எங்கள் முறை வந்தபோது ஒரு ஆமிக்காரப் பையன் "எடு, எடு" என்று கையைக் காட்டினான். சாவியைத் திருப்பினேன். கிர்ர்ர் என்று ஒரு முனகல். மறுபடி திருப்பினேன். அந்த முனகலும் போய்விட்டது.

"என்னவா இருக்கும் மாமா?"

"நீங்க என்ன நெனைக்கிறீங்க தம்பி?"

எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. செக் பொயின்ட்டின் வாயில் நகராமல் நிற்கிற பிக்கப். உள்ளே இரண்டு தமிழர்கள். வண்டிப் புத்தகமோ நாலந்தாக்காரர் பெயரில். அந்தக் காலத்தில் இதைவிடக் குறைந்ததற்கெல்லாம் ஆட்களை உட்கார வைத்திருக்கிறார்கள். பின்னால் ஹோர்ன்கள் கத்தின. துப்பாக்கியோடு நாலைந்து பேர் சுற்றி வந்தார்கள். மேலதிகாரிபோல் இருந்தவர் எங்களை இறக்கி, மாமாவைத் தள்ளிப்போய் நிற்கச் சொல்லிவிட்டு, சிங்களத்தில் என்னைக் கேட்டார்.

"அந்த ஆள் உனக்கு யார்?"

"மாமா" என்றேன். இரண்டு பாஷைக்கும் ஒரே சொல்.

"உங்கள் ஆட்கள் எல்லோரும் எல்லோரையும் மாமா என்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டு, என்னைக் கைகளைத் தூக்க வைத்து மாமாவிடம் நடத்திக்கொண்டு போனார். "இவன் உங்களுக்கு யார்?"

நான் சொன்னது மாமாவின் காதில் விழுந்திருக்காது. தெரிந்த பையன் என்று சொன்னால் கதை மாறிவிடும், இரண்டு பேரும் பொய்யர்களாகிவிடுவோம். மாமா என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மகே பேனா" என்றார்.

(எழுதுகிற பேனா அல்ல. சிங்களத்தில் பேனா என்றால் மருமகன். என் மருமகன் என்று சொல்கிறார்!)

அதிகாரி விடவில்லை. "மகளைக் கட்டியிருக்கிறானா?"

"கட்டப் போறாரு."

"எப்போது?"

"ஈஸ்டர் முடிஞ்ச கையோட" என்றார் மாமா, மண்டபம் பேசி வைத்தவர்போல.

என் கல்யாண மாதம் எனக்குத் தெரிய வந்தது இப்படித்தான், கையிரண்டையும் தூக்கிக்கொண்டு நிற்கும்போது. சிரிப்பு வந்தது. செக் பொயின்ட்டில் சிரித்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அதைப் பார்த்ததும் அதிகாரியின் முகம் இளகிவிட்டது. "பழைய வண்டியும் புது மருமகனும்! இரண்டையும் தள்ளித்தான் எடுக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு, பையன்களைக் கூப்பிட்டார்.

பெரியவரைத் தள்ள விட்டுவிட்டு நான் உள்ளே உட்காருவது எப்படி? "மாமா, நீங்க ஸ்டியரிங்கப் புடிங்க, நான் தள்ளுறேன்" என்றேன்.

அவர் என் பக்கம் குனிந்து, "எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது மாப்பிள்ளை" என்றார்.

"அப்ப நாலந்தாவுல 'ம்'னு சொன்னீங்களே?"

"உங்களுக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சேன்."

"எனக்கும் ஒண்ணும் தெரியாது மாமா."

இந்தப் பேச்சு முடிகிற வரைக்கும் அவர் என்னை என்னவென்று கூப்பிட்டார் என்பது என் மண்டையில் ஏறவில்லை. ஏறியபோது நான் உள்ளே உட்கார்ந்து கிளச்சை மிதித்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஆமிக்காரப் பையன்கள் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். அவர்கள் நடுவில் மாமா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "தள்ளு மல்லி, தள்ளு!" என்று கத்தினார். (மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. கடைக்காரனான எனக்கு அதுவரை கொத்தமல்லிதான் ஞாபகம் வரும்.) சரிவில் வண்டி உருண்டு, ஒரு குலுக்குக் குலுக்கி, பிடித்துக்கொண்டது. அது விட்ட புகையில் செக் பொயின்ட்டே மறைந்துபோனது. நிறுத்தினால் மறுபடி செத்துவிடுமோ என்ற பயத்தில் மாமனாரை ஆமியிடம் விட்டுவிட்டு நான் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டேன்.

வளைவு தாண்டி எஞ்சினை உறும வைத்துக்கொண்டு காத்திருந்தேன். முகமும் சட்டையும் கரியாக, குடையை ஊன்றிக்கொண்டு மாமா நடந்து வந்து ஏறினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஈஸ்டர்னு சொல்லிட்டேன். தோதுப்படும்தானே?" என்றார் பிறகு.

மறுநாள் காலையிலும் வண்டி அசையவில்லை. பக்கத்து வீட்டு ஆட்களைக் கூட்டித் தள்ளி எடுத்து, டவுனுக்குப் போய் வந்து நிறுத்தினேன். சற்று நேரத்தில் அடுத்த வீட்டுப் பூனை பொனட்டில் ஏறி நாலு காலையும் நீட்டிப் படுத்தது. எனக்குச் சுருக்கென்றது. போய்க் கையை வைத்துப் பார்த்தேன். இதமான சூடு. நாங்கள் வருவதற்கு முன்பே மாத்தயா மேட்டிலிருந்து உருட்டி எஞ்சினை எடுத்து, நன்றாகச் சூடேற்றி, மறுபடி மேட்டில் கொண்டு போய் வைத்திருக்கிறார். மனிதர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நாங்கள் கேட்டால்தானே?

ஈஸ்டர் முடிந்து கல்யாணம் நடந்தது. கல்யாணத்துக்குப் பிறகு, வீட்டைவிட முக்கியமாக வாசல் சரிவைப் பார்த்து ஒரு வாடகை வீடு பிடித்தோம். எஞ்சினைப் பிரித்துச் செய்ய வசதி வரும்வரை ஸ்டெல்லா தள்ளினாள், நான் எடுத்தேன். அந்த வண்டியில்தான் மிளகு எடுத்தோம், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டோம். இன்றைக்கும் யாராவது பழைய வண்டி பார்க்கக் கூப்பிட்டால், கும்பிடு போடுவதற்கு முன்பே பொனட்டில் கையை வைத்துவிடுவேன். சூடாக இருந்தால் ஆறட்டும் என்று காத்திருப்பேன். எத்தனை தேத்தண்ணி வந்தாலும் சரி.

எண்பதைத் தாண்டிவிட்ட மாமாவிடம் பேரப்பிள்ளைகள் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கேட்பார்கள், அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. அவர் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"தம்பின்னுதான் சொல்ல வந்தேன். சிங்களத்துல அதுக்கு என்னன்னு அந்த நேரம் வாயில வரல. பேனாதான் வந்துச்சு."

வீடே சிரிக்கும். "நல்ல வேளை! அப்பா தம்பின்னு சொல்லியிருந்தா இந்த மனுசன் எனக்குச் சித்தப்பா முறைல்ல ஆகியிருக்கும்" என்பாள் ஸ்டெல்லா. என் மேல் கோபம் வந்தாலும் சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறாள்.

ஆனால் சில நிமிஷம் கழித்து ஆமிக்காரத் தம்பிகளைப் பார்த்து "தள்ளு மல்லி, தள்ளு!" என்று அவர் போட்ட சத்தம் வண்டிக்குள் இருந்த எனக்குக் கேட்டது. நான் அதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. மாமா என் பக்கம் திரும்பாமல் கேக்கைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வார். நானும் சித்தப்பாவாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.